அரசரடியில் என் முதல் பிரசங்கம்

1969-இல் மதுரை அரசரடியில் உருவான நம் இறையியல் கல்லூரியில் மறக்க முடியாதது, நான் செய்த முதல் பயிற்சிப் பிரசங்கம். எதிரே சக மாணவர்கள். கடைசி வரிசையில் நோட்டும் கையுமாக ஆசிரியர்கள். தொண்டை வறண்டது.

லூக்கா 10, நல்ல சமாரியன். 'மனதுருகி' என்பதன் கிரேக்க மூலச்சொல்லுக்கு வேர் 'குடல்' என்று கால் மணி நேரம் விளக்கினேன். ஒரு முகமும் மலரவில்லை.

விமர்சன வகுப்பில் ஆசிரியர் ஒருவர் கேட்டார்: "தம்பி, அடிபட்ட பிள்ளையப் பாத்தா உங்க அம்மா என்ன சொல்லுவாங்க?"

"வயிறு பதறுதேன்னு சொல்லுவாங்க ஐயா."

"அதுதானப்பா அந்தக் கிரேக்கம்! அத ஏன் சொல்லல?"

கிராமத்துப் பேச்சிலும் மெட்டிலும் இறையியல் சொன்ன 'பரட்டை' தியோபிலஸ் அப்பாவு ஐயா (மறைவு 2005) கற்பித்த வளாகமல்லவா! இன்றும் பிரசங்கம் எழுதி முடித்ததும், மனசுக்குள் அம்மாவுக்குத்தான் முதலில் வாசித்துக் காட்டுகிறேன்.