சுண்டைக்காய் அளவுத் தக்காளி

டொரொண்டோவிலிருந்து விண்ட்சர் போகும் நெடுஞ்சாலையில் கோடையில் பயணித்தவர்கள் தக்காளி வயல்களைக் கண்டிருப்பார்கள். குளிரும் ஈரமும் நீடித்தால் அச்செடிகளின் இலையிலும் காயிலும் கரும்புள்ளிகள் விழும். சூடோமோனாஸ் சிரிஞ்சே என்ற பாக்டீரியாவின் வேலை அது. 1970களின் இறுதியில் ஒன்ராறியோ ஆய்வாளர்கள், தாங்கள் வளர்த்த 'ஒன்ராறியோ 7710' என்ற தக்காளியை இந்நோய் தாக்கவில்லை என்று கண்டார்கள்.

அந்த எதிர்ப்பாற்றலின் பூர்வீகம் தென்னமெரிக்கா. பெரு, ஈக்வடோர் நாடுகளில் சுண்டைக்காய் அளவே காய்க்கும் ஒரு காட்டுத் தக்காளியிலிருந்து வந்த ஒற்றை மரபணு அது. பெயர் பி.டி.ஓ. ஒன்றே ஒன்று என்பதால் கலப்பின வளர்ப்பில் அதைக் கடத்துவது எளிதாயிற்று. பல இரகங்களுக்குப் பரவியது.

செடியின் எதிர்ப்பு மரபணு ஒவ்வொன்றுக்கும் கிருமியிடம் ஓர் இணை மரபணு உண்டு என்று, ஆளிச்செடியின் துருநோயை ஆராய்ந்த அமெரிக்கர் ஹரால்ட் ஃபிளோர் 1940களிலேயே கூறியிருந்தார். அவர் சொன்ன வகை எதிர்ப்பு மரபணுக்களில் முதலாவதாகப் பிரித்தெடுக்கப்பட்டது பி.டி.ஓ.தான். 1993இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கிரெகரி மார்ட்டின், ஸ்டீவன் டாங்ஸ்லி குழுவினர் அதைச் சாதித்தார்கள். பாக்டீரியா தன் புரதத்தைச் செடியின் உயிரணுவுக்குள் செலுத்துகிறது, பி.டி.ஓ. தரும் புரதம் அதை அடையாளம் காண்கிறது. தொற்றிய உயிரணு தானே மடிந்து, கிருமி பரவாமல் தடுக்கிறது.

ஆனால் காவலுக்கு நின்றது ஓராள். அவன் கண்ணில் படாத கிருமி வகைகளும் இருந்தன; செடிகளைக் காக்க பி.டி.ஓ. பயன்பட்ட வயல்களில் அவை பெருகின. ஒன்ராறியோவும் அதற்குத் தப்பவில்லை.

மறுபடியும் காட்டு உறவுகளிடமே போகவேண்டியிருந்தது. சார்லஸ் ரிக் என்பவர் ஆண்டிஸ் பகுதிகளில் அலைந்து சேர்த்த காட்டுத் தக்காளி விதைகள், கலிபோர்னியாவின் டேவிஸ் நகரில் அவர் பெயர் தாங்கிய நிலையத்தில் காக்கப்படுகின்றன. தக்காளிக்குத் தூரத்து உறவான சொலானம் லைக்கோபெர்சிகாய்டிஸ் என்ற காட்டுச்செடியில், பி.டி.ஓ.வின் கண்ணுக்குத் தப்பிய கிருமிகள் சிலவற்றைத் தடுக்கும் வேறொரு மரபணுவை மார்ட்டின் குழுவினர் கண்டறிந்து 2019இல் வெளியிட்டார்கள்.

சந்தையில் ஒரு காசுக்கும் போகாத காய் அது. நம் குழம்பில் கரையும் தக்காளிக்கு நாளை நோய் வந்தால், மருந்து அங்கேதான் இருக்கக்கூடும். அந்தக் காடுகள் அழிந்தால் விதைப்பெட்டியில் உள்ளது மட்டுமே மிஞ்சும்.