வழக்குக்குத் துணைநின்ற குற்றம்

ஆங்கிலத்தில் ‘மெயின்டனன்ஸ்’ என்னும் சொல் இன்று கட்டடத்தின் பராமரிப்பையும் பிரிந்து வாழும் மனைவிக்குரிய ஜீவனாம்சத்தையும் குறிக்கிறது. இங்கிலாந்தின் சட்டத்திலோ அது ஏறத்தாழ ஏழு நூற்றாண்டுகள் ஒரு குற்றத்தின் பெயராகவும் விளங்கியது. தமக்கு நியாயமான தொடர்பு ஏதுமில்லாத வழக்கில் ஒரு தரப்புக்குப் பணத்தாலோ செல்வாக்காலோ துணைநிற்பதே அக்குற்றம். அவ்வாறு துணைநிற்பவர், வழக்கு வென்றால் கிடைக்கும் சொத்தில் தமக்கும் பங்கு பேசிக்கொண்டால் அது ‘சாம்பர்ட்டி’, அதாவது பங்குக்கு வழக்கு நடத்துதல், எனப்பட்டது.

பிறருக்கு உதவுவதை ஒரு சமூகம் குற்றமாகக் கருதியதன் காரணம் அக்கால நீதிமன்றங்களின் நிலையில் இருக்கிறது. முதலாம் எட்வர்டு காலத்தில், 1275இல் இயற்றப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் சட்டமே, அரச அலுவலர்கள் பங்கு பெறும் நோக்கில் வழக்குகளுக்குத் துணைபோவதைத் தடுக்க முற்பட்டது. பின்னர்ப் பெருநிலக்கிழார்கள் ஆண்டு ஊதியமும் ‘லிவரி’ எனப்பட்ட சீருடையும் அடையாளச் சின்னமும் கொடுத்து ஆட்களைச் சேர்த்துக்கொண்டபோது, தம் ஆளின் வழக்கில் தாமும் பின்னால் நிற்பது அப்பிணைப்பின் ஒரு பகுதியாயிற்று. தீர்ப்புக் கூறும் ஜூரிகளும் அதே வட்டாரத்தில் வாழ்ந்தவர்களாதலால், பிரபுவின் சின்னத்தை அணிந்தவனுக்கு எதிராக வாய்திறக்க அவர்கள் அஞ்சினர். இரண்டாம் ரிச்சர்டு 1390இல் பிறப்பித்த ஆணையும் ஏழாம் ஹென்றியின் 1504ஆம் ஆண்டுச் சட்டமும் இவ்வழக்கத்தை ஒடுக்க எழுந்தவை. சட்டத்துக்குப் புறம்பாக ஆள்சேர்த்ததற்காக பெர்கவென்னி பிரபுவுக்கு 1507இல் விதிக்கப்பட்ட அபராதம் 70,000 பவுண்டைத் தாண்டியது.

ஆயினும் எல்லா உதவியும் குற்றமாகவில்லை. தந்தை மகனுக்கும், எஜமானர் வேலையாளுக்கும், இரக்கத்தால் ஒருவர் ஏழைக்கும் வழக்கில் உதவுவது விலக்காக ஏற்கப்பட்டது. இவ்விலக்குகளே அச்சட்டத்தின் உள்நோக்கத்தைத் தெளிவாக்குகின்றன: அது அஞ்சியது துணையை அன்று, துணையின் போர்வையில் நீதியை வளைக்கும் வலிமையை. அவ்வலிமை தளர்ந்தபின்னும் தடை மட்டும் எஞ்சியதை 1787இல் சட்டச் சிந்தனையாளர் ஜெரமி பெந்தம் கடுமையாகக் கண்டித்தார்.

அதற்குப் பின்னும் அது பயன்பட்ட தருணம் உண்டு. நாத்திகரான சார்லஸ் பிராட்லா 1880இல் நாடாளுமன்ற உறுப்பினராகி, சமய உறுதிமொழி ஏற்காமலே அவையில் வாக்களித்தபோது, நியூடிகேட் என்னும் சக உறுப்பினர், பொருள்வசதி இல்லாத வேறொருவரை முன்னிறுத்தி, செலவை ஈடுசெய்வதாக அவருக்கு உறுதியளித்து, பிராட்லாவின்மேல் அபராத வழக்குத் தொடரச் செய்தார். அவ்வழக்குத் தோற்றது. பிராட்லாவோ, மெயின்டனன்ஸ் என்னும் அப்பழைய தவற்றின் பேரிலேயே நியூடிகேட்மீது வழக்கிட்டு 1883இல் வென்றார். ஏவியவர் மறைந்திருக்க, ஏவப்பட்டவர் மட்டும் நீதிமன்றத்தில் நிற்கும் முறையை அத்தீர்ப்பு வெளிச்சத்துக்குக் கொணர்ந்தது.

இந்தியாவில் வேறு வழி பிறந்தது. வங்காளத்திலிருந்து சென்ற ஒரு மேல்முறையீட்டில், பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளின் உச்ச மேல்முறையீட்டு அமைப்பான பிரிவி கவுன்சில், மெயின்டனன்ஸ், சாம்பர்ட்டி பற்றிய ஆங்கிலேயச் சட்டங்கள் தனிச் சட்டங்களாக இந்தியாவில் நடைமுறையில் இல்லை என்று 1876இல் முடிவுசெய்தது. சொத்து இருந்தும் அதை மீட்கக் கைப்பொருள் இல்லாதவருக்குப் பங்கு பேசிப் பணம் கொடுப்பது நியாயமானதாகவும், அடக்குமுறையை எதிர்க்கத் தேவையானதாகவும் இருக்கலாம் என்று அது கருதியது. அதே வேளையில், இயலாதவரைச் சுரண்டும் ஒப்பந்தங்களையும், பிறரை அலைக்கழிக்கும் நோக்குடன் செய்யப்படுபவற்றையும் நீதிமன்றம் ஏற்கலாகாது என்றது. உதவியின் தன்மையை எடைபோட்டுப் பார்க்கும் இம்முறை, ஏழையின் பக்கம் நின்று நோக்கினால், முழுத் தடையினும் நேர்மையானது.

இங்கிலாந்து தன் தடையை நீக்க 1967 வரை ஆயிற்று. அவ்வாண்டின் குற்றவியல் சட்டம் மெயின்டனன்ஸையும் சாம்பர்ட்டியையும் குற்றப்பட்டியலிலிருந்து அகற்றி, அவற்றின் பேரில் இழப்பீடு கோரும் உரிமையையும் ஒழித்தது. ஆனால் பொதுநலனுக்கு முரணான ஒப்பந்தங்கள் செல்லாது என்னும் பழைய விதியை அப்படியே விட்டுவைத்தது. ஆகையால், பிறர் வழக்கில் முதலிடுவதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள் இன்று லண்டனில் வெளிப்படையாக இயங்கினாலும், வழக்கில் கிடைக்கும் தொகையில் அவை பெறக்கூடிய பங்கு எவ்வாறு முறைப்படுத்தப்பட வேண்டும் என்னும் கேள்வி 2023இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை சென்றது.