துப்பறியும் நாவலும் பேய்க்கதையும்: வகைமைப் புனைவு குறித்த புதுமைப்பித்தனின் அளவுகோல்

துப்பறியும் நாவல், பேய்க்கதை, மாயக்கதை முதலிய வகைமைப் புனைவுகளைத் தமிழ் இலக்கிய வரலாற்றின் ஓரத்திற்குத் தள்ளியவர்கள் மணிக்கொடி எழுத்தாளர்களே என்னும் கருத்து பரவலாக வழங்கிவருகிறது. அதற்கு முதற்சான்றாகக் காட்டப்படுபவர் புதுமைப்பித்தன் (1906–1948). அவர் எதை மறுத்தார், எதை மறுக்கவில்லை என்று பிரித்து நோக்கினால் இக்கருத்து பாதியளவே உண்மை என்பது புலப்படும். அவர் மறுத்தது வகைமையை அன்று. மூலத்தை மறைக்கும் தழுவலையே. அவர் மறைந்த இரண்டாம் ஆண்டில் சேலத்தில் உருவான ஒரு திரைப்படம் அவருடைய அளவுகோலின் எல்லையையும் காட்டிவிடுகிறது.

தமிழில் துப்பறியும் கதை நாவல் இலக்கியத்தின் தொடக்க காலத்திலேயே தோன்றிவிட்டது. பிரதாப முதலியார் சரித்திரம் வெளிவந்த (1879) பதினைந்து ஆண்டுகளில், 1894இல், ச. ம. நடேச சாஸ்திரியின் தானவன் என்னும் போலீஸ் நிபுணன் வாசகர்முன் வந்தான். முதல் உலகப்போரை ஒட்டிய ஆண்டுகளில் ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் கே. துரைசாமி ஐயங்காரும் இவ்வகையைப் பெருந்தொழிலாக வளர்த்தனர். ரெயினால்ட்ஸ், கானன் டாயில் ஆகியோரின் கதைகள் ஊர்ப்பெயரும் ஆட்பெயரும் மாறித் தமிழில் உலவின. வாய்விட்டுப் பலர் கேட்கப் படிக்கும் வழக்கம் குறைந்து, ஒருவர் தனித்திருந்து மௌனமாகப் படிக்கும் வழக்கம் வேரூன்றியதில் இந்நாவல்களுக்குப் பெரும்பங்கு உண்டு என்பதை ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘நாவலும் வாசிப்பும்’ விளக்குகிறது. நாவல் படிப்பதால் இளைஞரும் பெண்டிரும் கெடுவர் என்ற கூக்குரலும் அக்காலத்தே எழுந்தது. அது ஒழுக்கம் பற்றிய அச்சமே ஒழிய இலக்கியத் திறனாய்வு ஆகாது.

புதுமைப்பித்தன் அந்தக் கூக்குரலில் சேரவில்லை. கதையால் உலகைத் திருத்தும் நோக்கம் தமக்கில்லை என்று காஞ்சனைத் தொகுதியின் முன்னுரையில் அறிவித்தவரிடம் அதை எதிர்பார்க்கவும் இயலாது. 1930களின் பிற்பகுதியில் கல்கியோடு அவர் நடத்திய தழுவல் வழக்கின் சாரம் இதுதான்: அயல்மொழிக் கதையைத் தருவதானால் அதன் பெயரோடும் மண்ணோடும் மொழிபெயர்த்துத் தருக; வேட்டி கட்டிவிட்டுச் சொந்தப் பிள்ளை என்று காட்டாதீர். இங்கே குற்றமாகக் கருதப்படுவது நேர்மைக் குறைவே. மர்மமோ அச்சமோ வியப்போ அன்று.

இதற்கு அவருடைய செயலே சான்று. மேரி ஷெல்லியின் பிராங்கன்ஸ்டைனை அவர் ‘பிரேத மனிதன்’ என்று மொழிபெயர்த்தார். திகில் கதையின் மூலநூல்களுள் ஒன்றெனக் கருதப்படும் படைப்பை, பிழைப்பிற்காகவே ஆயினும், தமிழுக்குக் கொணர்ந்தவரை வகைமையின் பகைவர் என்பது பொருந்துமா? ‘பிரம்ம ராக்ஷஸ்’, ‘கபாடபுரம்’, ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ ஆகியவை மிகுபுனைவின் வெவ்வேறு கிளைகளில் நிற்பவை. ‘காஞ்சனை’ (1943) முழுமையான பேய்க்கதை. கதைசொல்லியே ஒரு கதையெழுத்தாளன். வீட்டிற்கு வந்தவள் பேயா, அவனுடைய மனமயக்கமா என்பதைக் கதை கடைசிவரை தீர்ப்பதில்லை. பேய்க்கதையின் உறுப்புகள் அனைத்தையும் வைத்துக்கொண்டு, அவ்வகை வழக்கமாக அளிக்கும் விளக்கத்தை மட்டும் அவர் நிறுத்திவைத்தார். ஒரு வகைமையை உள்ளிருந்து அறிந்த வாசகனுக்கே இது கைகூடும்.

ஆயினும் அவருடைய அளவுகோல் அவரையே அளந்தது. அவருடைய தொடக்ககாலக் கதைகளுள் சில மாப்பசானின் தழுவல்கள் எனப் பின்னர் அடையாளம் காணப்பட்டன. அவற்றுள் ‘கொலைகாரன் கை’, ‘பயம்’ ஆகிய இரண்டும் திகில் வகையைச் சேர்ந்தவை என்பது தற்செயல் அன்று. அச்சமூட்டும் உத்தியைக் கைவரப்பெறத் தழுவல் அவருக்கு ஒரு பயிற்சிக்களமாக இருந்திருக்கலாம். ‘காஞ்சனை’யின் கட்டுக்கோப்பு இந்த ஊகத்திற்கு இடந்தருகிறது. இதனை அவர்மீதான பழியாகவோ பழிநீக்கமாகவோ மட்டுமே பேசி முடித்துவிடுவது ஆய்வுக்கு இழப்பு. தழுவலை எதிர்த்தவரின் பட்டறையிலும் தழுவல் இருந்தது என்பதே வகைமை வரலாற்றுக்கு வேண்டிய செய்தி.

இந்த இடத்தில் சேலத்தைக் கருதவேண்டும். சேலத்திலிருந்து சேர்வராயன் மலையேறி ஏற்காட்டின் ஒண்டிக்கடைச் சந்திப்பை அடையும் சாலையின் அடிவாரப் பகுதியில் டி. ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் இயங்கியது. ‘ஆயிரம் தலைவாங்கி அபூர்வ சிந்தாமணி’ (1947), ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956), ‘வல்லவன் ஒருவன்’ (1966) என வகைமைக் கதைகளை இடைவிடாது படமாக்கிய நிறுவனம் அது. வடுவூராரின் ‘கும்பகோணம் வக்கீல்’ நாவல் 1950இல் அங்கே ‘திகம்பர சாமியார்’ ஆயிற்று. துப்பறிவாளராக எம். என். நம்பியார் பல வேடங்களில் தோன்றினார். 1942இல் மறைந்த வடுவூரார் அதைக் காணவில்லை, புதுமைப்பித்தனும் காணவில்லை.

வடுவூராரின் நாவலுலகில் ரெயினால்ட்ஸின் சாயல் இருப்பது தெரிந்ததே. ஆனால் சாமியார் பெயரில் உலவி, மாறுவேடத்தால் உண்மையை வெளிக்கொணரும் துப்பறிவாளர் இலண்டன் தெருக்களில் பிறந்தவர் அல்லர். சித்தர் கதைகளிலும், மாறுவேடம் பூண்டு நகர்வலம் வரும் அரசர் கதைகளிலும், ஒரே நடிகர் பல வேடம் ஏற்கும் நாடக மேடையிலும் பழகிய கண்ணுக்கு அவர் அயலாராகத் தோன்றியிருக்க மாட்டார். மூலத்தைச் சொன்னாயா என்னும் புதுமைப்பித்தனின் வினா எழுத்தாளரை நிறுத்திக் கேட்கத் தக்கதே. அந்த மூலம் தமிழில் என்னவாக மாறியது என்பதற்கு அவ்வினாவில் இடமில்லை.