வினாவும் வாக்கும்: சம்பந்தனின் பாராளுமன்றப் பதிவு கூறுவது என்ன?

தேர்தல் மேடையில் பேசப்பட்டவை தேர்தலோடு மறக்கப்பட்டு விடுகின்றன. ஆனால் பாராளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் எழுப்பிய வினாவும் அவர் அளித்த வாக்கும் ஹன்சாட் எனப்படும் அதிகாரபூர்வ அறிக்கையில் நிலைத்து நிற்கின்றன. ஆளுங்கட்சி உறுப்பினர் தமது தொகுதியின் குறையை அமைச்சரின் அறைக்கே சென்று எடுத்துரைக்கலாம். எதிர்க்கட்சி உறுப்பினருக்கு அந்த வசதி குறைவு. சபையில் கேட்பதும் வாக்களிப்பதுமே அவருடைய பிரதான கருவிகள். ஆகவே எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரின் பணியை மதிப்பிட விரும்புவோர் முதலில் பார்க்க வேண்டியது இவ்விரண்டையுமே.

இந்த நோக்கில் ஆராயத்தக்க நீண்டதொரு பதிவு திருகோணமலை மாவட்டத்துக்கு உண்டு. 1977 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணியின் வேட்பாளராக முதன்முறை வெற்றி பெற்ற இராஜவரோதயம் சம்பந்தன், 2024 ஜூன் 30 ஆம் திகதி தமது 91 ஆவது வயதில் காலமானபோதும் அம்மாவட்டத்தின் பாராளுமன்ற உறுப்பினராகவே இருந்தார். இடையில் 1983 முதல் 1997 வரையும், 2000 ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பின்னர் ஓராண்டும் அவர் சபையில் இருக்கவில்லை. இத்தனை நீண்ட காலத்தில் அவர் ஒருபோதும் அமைச்சராக இருந்ததில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

வினாவின் வலு

இலங்கைப் பாராளுமன்றத்தில் உறுப்பினர் ஒருவர் அமைச்சரிடம் விளக்கம் கோரப் பல வழிகள் உள்ளன. முன்னறிவித்தலுடன் கேட்கப்படும் வாய்மூல விடைக்கான வினா அவற்றுள் முதன்மையானது. அமைச்சர் விடையளித்ததும் துணை வினாக்களைத் தொடுக்கலாம். பொது முக்கியத்துவம் வாய்ந்த அவசர விடயங்களைக் கட்சித் தலைவர்கள் எழுப்புவதற்கு நிலையியற் கட்டளை 23(2) இடமளித்தது. 2018 இல் புதிய நிலையியற் கட்டளைகள் நடைமுறைக்கு வந்த பின்னர் இதே வசதி 27(2) என்ற இலக்கத்தில் தொடர்கிறது. இவற்றுக்கு அப்பால் ஒத்திவைப்பு வேளைப் பிரேரணையும், வரவு செலவுத் திட்டத்தின் குழுநிலை விவாதமும் அமைச்சுகளைக் கேள்விக்குட்படுத்தும் சந்தர்ப்பங்களாகும்.

வினா ஒன்று அரசாங்கத்தைக் கவிழ்த்து விடாது. ஆனால் அது அரசைப் பதில் கூற வைக்கிறது. அந்தப் பதில் பின்னர் வழக்கிலும் ஆணைக்குழுவிலும் சர்வதேச அரங்கிலும் எடுத்துக்காட்டப்படும் ஆவணமாகிறது. 1957 டிசெம்பரில் இந்திய லோக்சபாவில் ஆயுள் காப்புறுதிக் கூட்டுத்தாபனத்தின் முதலீடுகள் குறித்து பெரோஸ் காந்தி எழுப்பிய வினாக்கள் விசாரணை ஆணைக்குழுவுக்கு வழிவகுத்து, 1958 பெப்ரவரியில் நிதியமைச்சர் ரி.ரி.கிருஷ்ணமாச்சாரி பதவி விலகும் நிலையை ஏற்படுத்தின. கேட்டவர் ஆளுங்கட்சி உறுப்பினர் என்பது அச்சம்பவத்தின் தனிச்சிறப்பு. எதிர்க்கட்சியில், அதிலும் ஒருபோதும் ஆட்சியமைக்க முடியாத சிறுபான்மைக் கட்சியில் இருப்பவரின் வினாவுக்கு அத்தகைய விளைவு எளிதில் வாய்ப்பதில்லை. அவர் அதே வினாவை ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருக்கிறது.

சம்பூர் இதற்குத் தகுந்த உதாரணமாகும். 2006 ஏப்ரலில் தொடங்கிய எறிகணை, விமானத் தாக்குதல்களால் மூதூர் கிழக்கின் மக்கள் இடம்பெயர்ந்தனர். 2007 மே மாதம் அப்பிரதேசம் வர்த்தமானி மூலம் உயர் பாதுகாப்பு வலயமாக்கப்பட்டது. பின்னர் காணியின் ஒரு பகுதி கைத்தொழில் வலயத்துக்கும், ஒரு பகுதி கடற்படை முகாமுக்கும், இன்னொரு பகுதி இந்தியாவுடன் கூட்டாக அமைக்கத் திட்டமிடப்பட்ட 500 மெகாவாட் அனல் மின் நிலையத்துக்கும் என ஒதுக்கப்பட்டது. உரித்தாளர்கள் கிளிவெட்டியிலும் பிற இடங்களிலும் நலன்புரி முகாம்களில் வாழ்ந்தனர்.

இக்காணிகளைப் பற்றி சம்பந்தனும் அவரது கட்சியினரும் சபையில் இடையறாது பேசி வந்தனர். 2011 ஒக்டோபரில் வடக்கு, கிழக்கின் நிலைமை குறித்த விரிவான அறிக்கை ஒன்றைக் கூட்டமைப்பின் சார்பில் எம்.ஏ.சுமந்திரன் சபையில் சமர்ப்பித்தார். அக்காலத்தில் இவை எவற்றுக்கும் பலன் கிட்டவில்லை. ஆட்சி மாறிய பின்னர், 2015 மே மாதம், கைத்தொழில் வலயத்துக்கென ஒதுக்கப்பட்டிருந்த 818 ஏக்கர் தொடர்பான வர்த்தமானியை ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன இரத்துச் செய்தார். கடற்படை முகாம் அமைந்திருந்த காணிகள் 2016 மார்ச்சில் கையளிக்கப்பட்டன. அனல் மின் நிலையத் திட்டமும் அதே ஆண்டில் கைவிடப்பட்டது.

ஆட்சி மாற்றமே காணியை மீட்டுத் தந்தது, வினா அன்று என வாதிடுவோர் உளர். அவ்வாதத்தில் உண்மை உண்டு. ஆயினும் எந்தக் காணி, எத்தனை ஏக்கர், யாருடையது என்ற விபரங்கள் பல ஆண்டுகளாகப் பதிவில் இருந்தமையாலேயே, சந்தர்ப்பம் வாய்த்தபோது கோரிக்கை தெளிவாக இருந்தது. கேட்கப்படாத காணி மறக்கப்பட்ட காணியாகி விடுகிறது.

வாக்கின் வரலாறு

வாக்கெடுப்பிலும் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. குரல் வாக்கெடுப்பில் யார் எப்பக்கம் நின்றார் என்பது பதிவாவதில்லை. பெயர் குறித்த பிரிவு வாக்கெடுப்பு கோரப்படும்போதே ஒவ்வோர் உறுப்பினரின் நிலைப்பாடும் அச்சேறுகிறது. 2022 ஜூலை 20 ஆம் திகதி ஜனாதிபதியைத் தெரிவு செய்யப் பாராளுமன்றத்தில் நடந்தது போன்ற இரகசிய வாக்கெடுப்பில், கட்சி அறிவித்த முடிவுக்கும் உறுப்பினர் அளித்த வாக்குக்கும் இடையிலான பொருத்தத்தை எவராலும் சரிபார்க்க முடியாது.

சம்பந்தன் தலைமையிலான தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் பதிவு, 2015 வரை பெரும்பாலும் எதிர்த்து வாக்களித்த பதிவாகும். அவசரகாலச் சட்டத்தை மாதந்தோறும் நீடிக்கும் பிரேரணைகளை அக்கட்சி தொடர்ந்து எதிர்த்தது. ஜனாதிபதி பதவிக்கான இரு தவணை வரையறையை நீக்கிய 18 ஆவது திருத்தம் 2010 செப்டெம்பர் 8 ஆம் திகதி 161 க்கு 17 என்ற வாக்குகளால் நிறைவேறியபோது, எதிர்த்த சிலருள் கூட்டமைப்பினரும் இருந்தனர். பிரதான எதிர்க்கட்சியான ஐக்கிய தேசியக் கட்சி அவ்வாக்கெடுப்பைப் பகிஷ்கரித்திருந்தது. மாகாண சபைகளின் அதிகாரத்தைக் குறைத்த திவிநெகும சட்டமூலம், பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்கவுக்கு எதிரான குற்றப் பிரேரணை ஆகிய இரண்டையும் 2013 ஜனவரியில் கூட்டமைப்பு எதிர்த்தது. இவை யாவும் தோற்ற வாக்குகளே.

2015 செப்டெம்பர் 3 ஆம் திகதி சம்பந்தன் எதிர்க்கட்சித் தலைவரானார். 1977 முதல் 1983 வரை அப்பதவியை வகித்த அமிர்தலிங்கத்துக்குப் பின்னர் அதனைப் பெற்ற தமிழர் அவரே. இங்கேதான் அவரது பதிவின் சிக்கலான பகுதி தொடங்குகிறது. எதிர்க்கட்சித் தலைவரின் கட்சி அரசாங்கத்தின் வரவு செலவுத் திட்டங்களுக்கு ஆதரவாக வாக்களித்தது. 2018 ஏப்ரல் 4 ஆம் திகதி பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவுக்கு எதிரான நம்பிக்கையில்லாப் பிரேரணை 122 க்கு 76 என்ற வாக்குகளால் தோற்கடிக்கப்பட்டபோது, கூட்டமைப்பின் வாக்குகள் பிரதமரைக் காக்கும் பக்கத்தில் இருந்தன. எதிர்க்கட்சித் தலைவர் பதவிக்கு இது பொருந்துமா எனக் கூட்டு எதிரணி கேட்டதில் நியாயம் இல்லாமலில்லை.

புதிய அரசியலமைப்பு ஒன்று உருவாகும் என்ற எதிர்பார்ப்பே அந்த ஆதரவுக்கு அடிப்படை எனக் கூட்டமைப்பு விளக்கியது. 2016 மார்ச்சில் அரசியலமைப்புப் பேரவை அமைக்கப்பட்டது. 2017 செப்டெம்பரில் வழிநடத்தற் குழுவின் இடைக்கால அறிக்கையும் வெளிவந்தது. அதற்கப்பால் எதுவும் நிறைவேறவில்லை. வாக்கை முன்கூட்டியே கொடுத்து விட்டுப் பலனைப் பின்னர் எதிர்பார்த்தமை அந்தக் காலப்பகுதியின் பெருங்குறை என்பதே எமது கருத்து. அதேவேளை காணி, சிறையிலுள்ள தமிழ் அரசியல் கைதிகள், காணாமலாக்கப்பட்டோர் ஆகிய விடயங்களில் அவர் அரசாங்கத்திடம் வினவுவதை நிறுத்தவில்லை என்பதையும் சேர்த்தே கூற வேண்டும். வாக்கு ஒரு பக்கமும் வினா மறுபக்கமுமாக நின்ற காலம் அது.

பதினான்கு வாக்குகள்

2018 ஒக்டோபர் 26 ஆம் திகதி பிரதமர் நீக்கப்பட்டு மஹிந்த ராஜபக்ஷ நியமிக்கப்பட்டதும், நவம்பர் 9 ஆம் திகதி பாராளுமன்றம் கலைக்கப்பட்டதும் கூட்டமைப்பின் வாக்குக்கு வேறொரு பெறுமதியைக் கொடுத்தன. கலைப்பை எதிர்த்து உயர் நீதிமன்றம் சென்றவர்களுள் சம்பந்தனும் ஒருவர். டிசெம்பர் 13 ஆம் திகதி ஏழு நீதியரசர்களும் ஏகமனதாகக் கலைப்பு அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தனர். அத்தீர்ப்பு அவரது பெயராலேயே வழங்கப்படுகிறது. அதற்கு முதல் நாள் ரணில் விக்கிரமசிங்க மீதான நம்பிக்கைப் பிரேரணை 117 வாக்குகளால் நிறைவேறியது. அவற்றுள் 14 வாக்குகள் கூட்டமைப்பினுடையவை. 225 பேர் கொண்ட சபையில் அறுதிப் பெரும்பான்மைக்கு 113 தேவை. அந்தப் பதினான்கும் இல்லாதிருந்தால் எண்ணிக்கை 103 ஆகவே நின்றிருக்கும்.

தமிழ் உறுப்பினர்களின் வாக்குகள் நாட்டின் அரசியலமைப்பைக் காத்த தருணம் அது. ஆனால் நெருக்கடி தீர்ந்த அதே வாரத்தில், டிசெம்பர் 18 ஆம் திகதி, எதிர்க்கட்சித் தலைவராக மஹிந்த ராஜபக்ஷவைச் சபாநாயகர் ஏற்றுக்கொண்டார். சம்பந்தன் அப்பதவியை இழந்தார். 2020 ஒக்டோபர் 22 ஆம் திகதி 20 ஆவது திருத்தம் 156 க்கு 65 என நிறைவேறியபோது, கூட்டமைப்பு மீண்டும் எதிர்த்து வாக்களித்த சிறுபான்மையினருள் நின்றது.

வெற்று ஆசனத்தின் விலை

சபையில் இல்லாதவரின் வினாவும் இல்லை, வாக்கும் இல்லை. 1983 ஓகஸ்ட்டில் பிரிவினைக்கு எதிரான சத்தியப் பிரமாணத்தைக் கட்டாயமாக்கிய ஆறாவது திருத்தம் நிறைவேறியபோது கூட்டணி உறுப்பினர்கள் சபைக்குச் செல்லவில்லை. மூன்று மாதங்கள் தொடர்ந்து சமுகமளிக்காத காரணத்தால் சம்பந்தனும் ஆசனத்தை இழந்தார். கொள்கையின் பொருட்டு எடுக்கப்பட்ட முடிவாயினும், அடுத்து வந்த பயங்கரமான ஆண்டுகளில் திருகோணமலைத் தமிழரின் குரல் சபையில் மிக மெலிந்திருந்தது. 1997 ஜூலை 5 ஆம் திகதி அருணாசலம் தங்கத்துரை திருகோணமலையில் சுட்டுக் கொல்லப்பட்டதால் ஏற்பட்ட வெற்றிடத்துக்கே சம்பந்தன் மீண்டும் சென்றார். 2005 டிசெம்பர் 25 ஆம் திகதி ஜோசப் பரராஜசிங்கமும், 2006 நவம்பர் 10 ஆம் திகதி நடராஜா ரவிராஜும் கொல்லப்பட்டனர். பாராளுமன்றத்தில் கேட்பதற்கு உயிரை விலையாகக் கொடுத்தோர் வரிசை அது.

இறுதி ஆண்டுகளில் முதுமையும் நோயும் சம்பந்தனைப் பெரும்பாலும் சபைக்கு வரவிடவில்லை. அவர் விலகி வேறொருவருக்கு இடமளித்திருக்க வேண்டும் என்ற கருத்து அவரது கட்சிக்குள்ளேயே எழுந்தது. நீண்ட பணிக்குரிய மரியாதை வேறு, நான்கே ஆசனங்களைக் கொண்ட மாவட்டத்தின் தேவை வேறு.

அவரது மறைவுக்குப் பின்னர் ஆசனத்தைப் பெற்ற சண்முகம் குகதாசன், 2024 நவம்பர் பொதுத் தேர்தலிலும் தமிழரசுக் கட்சியின் சார்பில் தெரிவானார். அத்தேர்தலில் தேசிய மக்கள் சக்தி இரு ஆசனங்களையும், ஐக்கிய மக்கள் சக்தியின் இம்ரான் மஹ்ரூப் ஓர் ஆசனத்தையும் பெற்றனர். எனவே மாவட்டத்தின் நால்வருள் இருவர் எதிரணியில் அமர்ந்தனர். ஈச்சிலம்பற்றுப் பிரதேசத்தின் இலங்கைத்துறை முகத்துவாரம் 'லங்காபட்டுன' என வழங்கப்படுவது முதல், காணி, கடற்றொழில், தொல்லியல் எல்லையிடல் வரை அவர்கள் கேட்க வேண்டியவை ஏராளம்.

வாக்காளருக்கும் இதில் ஒரு கடமை உண்டு. ஹன்சாட் இன்று இணையத்தில் எவரும் வாசிக்கக்கூடிய ஆவணம். உறுப்பினர்களின் பங்களிப்பை அதனடிப்படையில் தொகுக்கும் மந்திரி.எல்கே போன்ற தளங்களும் உள்ளன. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், அரச நிறுவனத்திடம் குடிமகன் தானே தகவல் கோரவும் வழி செய்திருக்கிறது. அடுத்த முறை வாக்குக் கேட்டு வருபவரிடம் மக்கள் கேட்க வேண்டியவை இரண்டே: எமக்காக எந்த அமைச்சரிடம் என்ன கேட்டீர்கள்? எந்தச் சட்டத்துக்கு எப்பக்கம் வாக்களித்தீர்கள்? இவற்றுக்கு ஹன்சாட்டைக் காட்டிப் பதில் கூறக்கூடியவரே மீண்டும் வாக்குக் கேட்கும் தகுதி உடையவர்.