நீராவி எழும் இடமும் பிழை இருக்கும் இடமும்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் மலைப்பாதையில், பானெட்டைத் திறந்து வைத்தபடி ஓரமாக நிற்கும் அம்பாசடர் கார்கள் ஒரு காலத்தில் வெகு சாதாரணமான காட்சி. பயணிகள் இறங்கி மரநிழலில் நிற்பார்கள். ஓட்டுநர் நனைத்த துணியால் ரேடியேட்டர் மூடியைப் பற்றி, முகத்தை விலக்கிக்கொண்டு, மெல்லத் திருகுவார். சீறிக்கொண்டு நீராவி வெளியேறும். பிறகு வழியில் கிடைத்த தண்ணீரை ஊற்றிப் பயணம் தொடரும். வண்டி ஏன் கொதித்தது என்ற கேள்வியை அநேகமாக யாரும் கேட்பதில்லை. ‘மலை ஏறுகிறது, சூடாகிறது’ என்பதே போதுமான விளக்கமாக இருந்தது.

அந்தக் கேள்வி மோட்டார் வாகனத்தின் வயதையே தன் வயதாகக் கொண்டது. அதற்குக் காலந்தோறும் கண்டறியப்பட்ட விடைகளை வரிசையாகப் பார்த்தால், ஒரு பழைய எஞ்சினின் நோயைக் கண்டறியும் முறையும் நமக்குக் கிடைத்துவிடுகிறது.

1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ், கணவர் கார்ல் பென்ஸுக்குச் சொல்லாமல், தம் இரு மகன்களுடன் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை மூன்று சக்கர வண்டியில் பயணம் செய்தார். நூறு கிலோமீட்டரைத் தாண்டிய அந்தப் பயணத்தில், வீஸ்லோஹ் ஊரின் மருந்துக்கடையில் எரிபொருள் வாங்கிய செய்தி பலரும் அறிந்தது. அதைவிட அடிக்கடி அவருக்குத் தேவைப்பட்டது தண்ணீர். சிலிண்டரைச் சூழ்ந்திருந்த நீர் கொதித்து ஆவியாகி, வெப்பத்தைத் தன்னுடன் கொண்டுபோகும். குறைந்த நீரை மீண்டும் நிரப்பவேண்டும். அந்த வண்டியில் நீர் கொதிப்பது பிழையன்று. குளிர்விக்கும் முறையே அதுதான்.

எஞ்சினின் ஆற்றல் வளர்ந்தபோது இம்முறை போதவில்லை. எரிபொருளின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, குளிர்விக்கும் நீரின் வழியாக வெளியேறியாக வேண்டும். எமில் ஜெல்லினெக் கேட்டுக்கொண்டபடி 1900இல் உருவான 35 குதிரைத்திறன் மெர்சிடிஸ் காருக்கு, வில்ஹெல்ம் மைபாக் தேன்கூடு போன்ற ரேடியேட்டரை அமைத்தார். 6 மில்லிமீட்டர் சதுர வாய் கொண்ட 8,070 சிறு குழாய்கள். குழாய்களுக்குள் காற்று, அவற்றுக்கிடையேயான நுண்ணிய இடைவெளிகளில் நீர். முன்பு 18 லிட்டர் நீர் தேவைப்பட்ட இடத்தில் 9 லிட்டர் போதுமானதாயிற்று. கார் வரலாற்றின் பெரும் பாய்ச்சல்களுள் ஒன்று இது. ஆனால் நீர்வழி குறுகியதும், அது அடைபடும் சாத்தியமும் உடன் பிறந்துவிட்டது. புதிய தீர்வு ஒவ்வொன்றும் தனக்கேயுரிய ஒரு நோயையும் கொண்டுவருகிறது என்பதை நாம் இங்கே குறித்துக்கொள்ளலாம்.

*

1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் உற்பத்தியான ஃபோர்டு மாடல் டி, இவ்வகையில் நமக்கு மிகச் சிறந்த பாடநூல். முதல் சுமார் 2,500 கார்களில் நீரேற்றும் பம்ப் இருந்தது; பிறகு அது நீக்கப்பட்டது. சூடான நீர் தானே மேலெழும், குளிர்ந்த நீர் கீழிறங்கும் என்ற இயற்கை விதியையே அந்த எஞ்சின் நம்பியது. எளிமையான ஏற்பாடுதான். ஆனால் ரேடியேட்டரில் நீர்மட்டம் மேல்குழாயின் வாய்க்குக் கீழே இறங்கிவிட்டால், மீதி நீர் எவ்வளவு இருந்தாலும் சுழற்சி நின்றுவிடும்.

அதைவிட நுட்பமான காரணம் ஒன்றும் உண்டு. மாடல் டியின் ஸ்டியரிங் சக்கரத்துக்கு அடியில் இடப்பக்கம் ஒரு சிறு நெம்புகோல் இருக்கும். தீப்பொறி எழும் கணத்தை ஓட்டுநரே அதைக்கொண்டு முன்பின்னாக மாற்றவேண்டும். கையால் சுழற்றி எஞ்சினைக் கிளப்பும்போது தீப்பொறியைத் தாமதப்படுத்தி வைப்பார்கள். ஓடத் தொடங்கியதும் முன்னே நகர்த்தவேண்டும். மறந்துவிட்டால் எரிதல் முழுமையடையுமுன்னரே வெளியேற்று வால்வு திறந்துவிடும். உழைப்பாக மாறியிருக்கவேண்டிய வெப்பம் எஞ்சினின் சுவர்களையும் அவற்றைச் சூழ்ந்த நீரையும் சுடச் செய்யும். ரேடியேட்டரில் ஒரு குறையும் இல்லை. ஆனால் நீராவி எழுவதோ ரேடியேட்டரிலிருந்து. பிழை ஓட்டுநரின் விரல் நுனியில் இருக்கிறது.

பின்வந்த பத்தாண்டுகளில் இப்பொறுப்புகள் ஒவ்வொன்றாக ஓட்டுநரிடமிருந்து விலகின. தீப்பொறியின் நேரத்தை டிஸ்ட்ரிபியூட்டர் தானே திருத்திக்கொண்டது. நீரோட்டத்தைப் பம்ப் ஏற்றது. எஞ்சின் உரிய சூட்டை அடையும்வரை நீரைத் தடுத்து நிறுத்தும் காவலனாகத் தெர்மோஸ்டாட் வந்தது. 1930களில் செர்ஜியஸ் வெர்னே உருவாக்கிய மெழுகுவகைத் தெர்மோஸ்டாட்டின் வழித்தோன்றல்களே இன்றும் புழக்கத்தில் உள்ளன. ரேடியேட்டர் மூடியும் வெறும் மூடியாக இல்லாமல், அழுத்தத்தைக் காக்கும் வால்வாயிற்று. சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு அழுத்தம் கூடினால், நீரின் கொதிநிலை ஏறத்தாழ 1.6 பாகை செல்சியஸ் உயரும். வசதி பெருகப் பெருக, எஞ்சினுக்குள் நிகழ்வதைப் பற்றிய ஓட்டுநரின் அறிவு சுருங்கியது.

*

இந்த வரலாற்றை மனத்தில் கொண்டு நாம் மலைப்பாதைக்குத் திரும்புவோம். மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மூன்றாம் வரிசையை அடியொற்றி 1950களின் இறுதியில் தொடங்கி 2014 வரை தயாரான அம்பாசடரின் பழைய 1489 சிசி எஞ்சினில், மேற்சொன்ன உறுப்புகள் எல்லாமே உண்டு. சந்தேகிக்கப்படவேண்டியவையும் அவையே.

முதலில் கேட்கவேண்டியது, ‘எப்போது கொதிக்கிறது?’ என்பதே. நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது மட்டும் என்றால், குறை காற்றோட்டத்தில் இருக்கக்கூடும்: ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கலாம், ரேடியேட்டரின் தகட்டு மடிப்புகளில் சேறும் பூச்சிகளும் அடைந்திருக்கலாம். வேகத்திலும் ஏற்றத்திலும் கொதித்தால் நீரோட்டத்தைச் சந்தேகிக்கவேண்டும். எஞ்சினை நிறுத்திவிட்டு, மிதமான சூட்டில் ரேடியேட்டரின் முகத்தைக் கையால் தடவிப் பார்த்தால், அடைபட்ட பகுதிகள் குளிர்ந்திருப்பது தெரியும். கிளம்பிய சில நிமிடங்களிலேயே முள் ஏறி, மேல்குழாய் மட்டும் சூடேறாமல் இருந்தால், தெர்மோஸ்டாட் திறக்கவில்லை என்று பொருள். அதைக் கழற்றிப் பாத்திரத்து நீரில் இட்டு அடுப்பில் சூடாக்கினால் உண்மை தெரிந்துவிடும். குளிர்ந்த எஞ்சினை மூடி திறந்த நிலையில் கிளப்பும்போது நீரில் ஓயாமல் குமிழிகள் எழுந்தால், ஹெட் காஸ்கெட் சிதைந்திருக்கலாம். இவை யாவும் சரியென்றால் டைமிங்கைப் பார்க்கவேண்டும். மாடல் டியின் நெம்புகோலில் இருந்த பிழை, இங்கே டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஒளிந்திருக்கும்.

மலைக்கே உரிய காரணம் ஒன்றும் உண்டு. ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையில் நீர் 92, 93 பாகையிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்து அழுத்தம் கசிந்தால், சமவெளியில் குறையின்றி ஓடிய எஞ்சின் அங்கே பொங்கி வழியும். சில ரூபாய் மதிப்புள்ள ஒரு வளையத்துக்காக ரேடியேட்டரையே கழற்றிப் பார்த்தவர்கள் பலர் இருக்கக்கூடும்.

இத்தனை காரணங்களுக்கும் நாம் செய்துவந்த ஒரே பரிகாரம் தண்ணீர் ஊற்றுவது. கொதிக்கும் எஞ்சினில் குளிர்நீரைக் கொட்டினால் இரும்பு வெடிப்புக் காணும். மூடியை அவசரமாகத் திறந்து கையையும் முகத்தையும் சுட்டுக்கொண்டவர்கள் உண்டு. இவை உடனே தெரியும் தீங்குகள். தெரியாத தீங்கு மெதுவாக வருவது. கிணற்று நீரிலும் ஆழ்துளைக் குழாய் நீரிலும் உள்ள உப்புகள் சூட்டில் படிந்து, ஏற்கெனவே குறுகிய அந்த நீர்வழிகளை மேலும் குறுக்குகின்றன. இன்று ஊற்றும் நீரே அடுத்த கோடையின் கொதிப்புக்குக் காரணமாகிறது. ‘நம்ம ஊர் வெயிலுக்கு இது எதற்கு?’ என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதும் இத்தகையதே. அடைபட்ட ரேடியேட்டர் அப்படியே இருக்க, எஞ்சின் உரிய சூட்டை எட்ட நெடுநேரம் பிடித்து, சிலிண்டர் சுவர்கள் விரைவில் தேய்வதுதான் மிச்சம்.

பெர்த்தா பென்ஸ் வழிநெடுகத் தண்ணீர் ஊற்றினார். அவருடைய வண்டி அப்படித்தான் அமைக்கப்பட்டிருந்தது. அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்து வந்த எஞ்சினுக்கும் நாம் அதே பரிகாரத்தைச் செய்துகொண்டிருந்தோம் என்பதில், இடைப்பட்ட வரலாறு முழுவதையும் நாம் மறந்திருந்தோம் என்பது வெளிப்படுகிறது. இன்றும் பழைய கார்களைப் பேணி வருபவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் நல்ல மெக்கானிக்குகள், வண்டி வந்து நின்றதும் ஸ்பேனரை எடுப்பதில்லை. ‘எப்போது, எந்த இடத்தில், எவ்வளவு நேரம் ஓடியபின்?’ என்று முதலில் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளைக் கேட்கத் தெரிந்தவர்கள் குறைந்துவருகிறார்கள் என்பதே நம் கவலை.