பயங்கர நகரம் என்று பெயர் எடுத்த நியூயார்க்

1975 ஜூன் மாதம். நியூயார்க் விமான நிலையங்களில் வந்து இறங்கும் பயணிகளுக்குக் கொடுப்பதற்காக ஒரு துண்டுப் பிரசுரம் அச்சாகியது. அட்டையில் முக்காடு போட்ட மண்டை ஓடு. பயங்கர நகரத்துக்கு நல்வரவு என்று தலைப்பு. உள்ளே, உயிரோடு ஊர் திரும்ப ஒன்பது யோசனைகள். மாலை 6 மணிக்கு மேல் தெருவில் நடமாடாதீர்கள், சுரங்க ரயிலில் ஏறவே ஏறாதீர்கள், மன்ஹாட்டனை விட்டு வெளியே போகாதீர்கள்... இப்படியே போகிறது பட்டியல்.

இதை அச்சடித்தது யார் தெரியுமா? அந்த ஊர் போலீஸ்காரர்கள், தீயணைப்பு வீரர்களின் சங்கங்கள்தான்!

அந்த வருடம் நியூயார்க் நகராட்சி கிட்டத்தட்ட திவாலாகும் நிலையில் இருந்தது. வாங்கிய கடனைக் கட்டப் பணம் இல்லை. புதுக் கடன் கொடுக்க வங்கிகள் தயாராக இல்லை. மேயர் ஏபிரகாம் பீம் ஆட்குறைப்பை அறிவித்தார். ஜூலை ஆரம்பத்தில் சுமார் 5,000 போலீஸ்காரர்கள் வேலை இழந்தார்கள். ஆக, அந்தப் பிரசுரம் பயணிகளின் நலனுக்காக மட்டும் எழுதப்பட்டது அல்ல. மேயருடன் நடந்த பேரத்தில் அது ஒரு ஆயுதம். ஊரைப் பற்றி யார் என்ன சொன்னாலும், சொல்பவருக்கு அதில் என்ன லாபம் என்று முதலில் பார்ப்பது நல்லது.

அதற்காக அவர்கள் சொன்னது முழுப் பொய் என்றும் தள்ளிவிட முடியாது. 1964ல் அந்த நகரத்தில் நடந்த கொலைகள் 600 சொச்சம். 1972ல் அது 1,700ஐ நெருங்கியது. ஒரே எட்டு வருடத்தில்! தெற்கு பிராங்க்ஸில் தெருத் தெருவாகக் கட்டிடங்கள் எரிந்தன. சில வட்டாரங்களில் 1970க்கும் 1980க்கும் இடையில் 97 சதவீதக் கட்டிடங்கள் காணாமல் போயின. ஜனங்களும் கிளம்பிப் போனார்கள். 1970ல் 78.9 லட்சமாக இருந்த மக்கள் தொகை 1980ல் 70.7 லட்சம் ஆனது. எட்டு லட்சம் பேர் குறைந்துவிட்டார்கள் என்றால் பயம் வெறும் கற்பனையாக இருக்க முடியாது. (எல்லோரும் குற்றத்துக்குப் பயந்து போகவில்லை. தொழிற்சாலைகள் மூடியதும், புறநகரில் தனி வீடு கிடைத்ததும் கூடக் காரணம்.)

ஆனால் ஒரு ஊருக்குக் கெட்ட பெயர் வந்துவிட்டால் உண்மையோடு கதைகளும் வந்து ஒட்டிக்கொள்ளும். 1964ல் குவீன்ஸ் பகுதியில் உள்ள கியூ கார்டன்ஸில் கிட்டி ஜெனோவீஸ் என்ற இளம்பெண் நள்ளிரவுக்குப் பின் குத்திக் கொல்லப்பட்டார். 38 பேர் வேடிக்கை பார்த்தார்கள், ஒருவரும் போலீசைக் கூப்பிடவில்லை என்று நியூயார்க் டைம்ஸ் எழுதியது. உலகம் முழுவதும் பாடப்புத்தகங்களில் ஏறிய கதை இது. பல வருடம் கழித்துத்தான் விவரம் வெளியே வந்தது. பெரும்பாலானவர்கள் சத்தத்தை மட்டும் கேட்டவர்கள், நேரில் பார்த்தவர்கள் மிகச் சிலர். பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் ஓடி வந்து, ஆம்புலன்ஸ் வரும்வரை அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். தன் செய்தியில் பிழை இருந்ததை அதே பத்திரிகை 2016ல் ஒப்புக்கொண்டது. அதற்குள் 52 வருடம் ஓடிவிட்டது!

அதிபர் ஃபோர்டு கதையும் இதே மாதிரிதான். நகரம் செத்துத் தொலையட்டும் என்று அவர் சொன்னதாக 1975 அக்டோபர் 30 அன்று டெய்லி நியூஸ் கொட்டை எழுத்தில் தலைப்புப் போட்டது. அவர் அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லை. டிசம்பரில் நகரத்துக்குக் கடன் கொடுக்கும் சட்டத்தில் கையெழுத்தும் போட்டார். ஆனால் நினைவில் நின்றது தலைப்புதான்.

சரி, கதைகளை விட்டுவிட்டு எண்களை மட்டும் பார்ப்போம் என்றால் அதிலும் ஒரு பொறி இருக்கிறது. நியூயார்க்கில் கொலைகள் உச்சத்தைத் தொட்ட வருடம் 1990. அந்த ஒரு வருடத்தில் 2,200க்கும் மேல். அதே வருடம் தலைநகர் வாஷிங்டனில் 472 மட்டுமே. எந்த ஊர் பாதுகாப்பானது? அவசரப்பட்டு வாஷிங்டன் என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் நியூயார்க்கின் ஜனத்தொகை 73 லட்சம், வாஷிங்டனில் இருந்தவர்கள் 6 லட்சம் பேர்தான். ஒரு லட்சம் பேருக்கு என்று வகுத்துப் பார்த்தால் நியூயார்க்கில் சுமார் 31 கொலைகள், வாஷிங்டனில் சுமார் 78! பெரிய கடையில் வாராக்கடன் தொகை பெரிதாகத்தான் இருக்கும். அதை மொத்த விற்பனையோடு ஒப்பிடாமல் கடை நொடித்துவிட்டது என்று எந்தக் கணக்கரும் எழுத மாட்டார். ஊர் விஷயத்தில் மட்டும் எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

அந்த 31ம் ஊர் முழுக்க ஒரே மாதிரி பரவிக் கிடக்கவில்லை. புரூக்ளினில் ஈஸ்ட் நியூயார்க் என்ற பகுதியின் ஒரே காவல் நிலைய எல்லைக்குள் 1993ல் 126 கொலைகள் நடந்தன. கொலையே நடக்காமல் வருடம் கழிந்த பகுதிகளும் அதே நகரத்தில்தான் இருந்தன.

எல்லோரும் ஊரை விட்டுப் போய்க்கொண்டிருந்த காலத்தில் வந்து சேர்ந்தவர்களும் உண்டு. 1965ல் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் மாறிய பிறகு இந்தியாவிலிருந்து டாக்டர்களும் என்ஜினியர்களும் போக ஆரம்பித்தார்கள். அவர்களில் நிறையப் பேர் தேர்ந்தெடுத்தது குவீன்ஸை. மன்ஹாட்டனை விட்டு வெளியே போகாதே என்று பிரசுரம் எச்சரித்ததே, அந்த வெளிப் பகுதிகளில் ஒன்று! வாடகை குறைவு, சுரங்க ரயில் ஏறினால் நேரே அலுவலகம். ஜாக்சன் ஹைட்ஸில் 74வது தெருவில் இந்தியாவுக்கு எடுத்துப் போக 220 வோல்ட் மின்சாதனங்கள் விற்கும் கடைகள் வந்தன. பின்னாலேயே புடவைக் கடை, மளிகைக் கடை எல்லாம் வந்தன.

ஐ.நா. சபையில் வேலை பார்த்த செட்டிநாட்டுக்காரரான அழகப்பா அழகப்பன், நண்பர்களோடு சேர்ந்து 1970ல் ஒரு கோயில் சங்கத்தைத் தொடங்கினார். ஃபிளஷிங்கில் பௌன் தெருவில் இருந்த ஒரு பழைய ரஷ்ய தேவாலயத்தின் இடத்தை அந்தச் சங்கம் வாங்கியது. அங்கே எழும்பிய பிள்ளையார் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்த நாள் 1977 ஜூலை 4. கிட்டி ஜெனோவீஸ் இறந்த இடத்திலிருந்து சில மைல் தூரம்தான்.

சரியாக ஒன்பதாவது நாள், ஜூலை 13 இரவு, மின்னல் தாக்கி கிட்டத்தட்ட நகரம் முழுவதும் மின்சாரம் போனது. மின்சாரம் திரும்புவதற்குள் 1,600க்கும் மேற்பட்ட கடைகள் சூறையாடப்பட்டன. ஆயிரத்துக்கும் அதிகமான இடங்களில் தீ. 3,700க்கு மேல் கைது. புதுக் கோயில் கட்டியவர்களுக்கு ஊரிலிருந்து வந்த கடிதங்களில் எத்தனை பெற்றோர் திரும்பி வந்துவிடு என்று எழுதியிருப்பார்களோ! ஆனாலும் அவர்கள் அங்கேயே இருந்தார்கள்.

இதை வைத்து, பயப்படாதவர்களே புத்திசாலிகள் என்று சொல்லிவிடலாமா? அதற்கும் வழியில்லை. வாடகை இன்னும் குறைவு என்று பல இந்தியக் குடும்பங்கள் ஹட்சன் ஆற்றைத் தாண்டி நியூ ஜெர்சி மாநிலத்தில் ஜெர்சி சிட்டிக்குக் குடிபோயின. 1987ல் அங்கே ஒரு கும்பல் முளைத்தது. இந்தியப் பெண்களின் நெற்றிப் பொட்டை வைத்தே தனக்குப் பெயர் சூட்டிக்கொண்ட கும்பல் அது. இந்தியர்களை ஊரை விட்டுத் துரத்துவோம் என்று உள்ளூர்ப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதியது. வீடுகளில் கல் விழுந்தது, தெருவில் போனவர்கள் அடிபட்டார்கள். அதே வருடம் பக்கத்து ஹோபோக்கனில் ஒரு இளம் இந்திய வங்கி அதிகாரியை இளைஞர் கூட்டம் ஒன்று அடித்தது. சில நாட்களில் அவர் இறந்துபோனார். உலகமே பயந்த நகரத்தில் அல்ல, ஆற்றுக்கு அந்தப் பக்கம், மண்டை ஓட்டுப் பிரசுரம் எதுவும் அச்சாகாத ஊரில் இது நடந்தது. லட்சத்துக்கு இத்தனை என்ற கணக்கு, ஊரில் உள்ள எல்லோரையும் ஒரே ஆளாகப் பாவிக்கிறது. பொட்டு வைத்த பெண்ணுக்கும் வைக்காத பெண்ணுக்கும் அந்தக் கணக்கில் வித்தியாசம் கிடையாது.

1990க்குப் பிறகு நியூயார்க்கில் கொலைகள் குறைய ஆரம்பித்தன. கூடுதல் போலீசா, கிராக் போதை மருந்தின் அலை ஓய்ந்ததா, வேலைவாய்ப்பா என்று இன்னமும் அடித்துக்கொள்கிறார்கள். 2017ல் 292 கொலைகள், அதாவது 1990ல் நடந்ததில் ஏழில் ஒரு பங்குக்கும் குறைவு. கொரோனா காலத்தில் ஏறியது, பிறகு மறுபடியும் இறங்கியது. 1975ல் பெட்டியைக் கட்டியவர்களுக்கும் சரி, அவர்கள் காலி செய்த வீடுகளுக்குக் குடிவந்தவர்களுக்கும் சரி, இது இப்படி முடியும் என்று தெரிந்திருக்க வழியே இல்லை. 2000ல் மக்கள் தொகை 80 லட்சத்தைத் தாண்டியது. பௌன் தெருவில் கோயில் இருக்கும் பகுதிக்கு 2022ல் கணேஷ் டெம்பிள் ஸ்ட்ரீட் என்று இன்னொரு பெயரும் வைத்தார்கள். கீழ்த்தளத்து கேன்டீனில் தோசைக்கு வரிசை நிற்கிறது. நகரத்தை விட்டுப் போகிறவர்களிடம் காரணம் கேட்டால் இப்போது அதிகம் காதில் விழுவது வாடகைதான்.