ஈமக் கலங்களில் உருவும் குறியும்: ஐதராபாத்துப் பெருங்கற்சின்னங்களை முன்வைத்து

முன்னுரை

இறந்தோரோடு மட்கலங்களை இட்டுப் புதைக்கும் வழக்கம் உலகின் பல பகுதிகளில் நிலவியது. அக்கலங்கள் சில இடங்களில் மனித வடிவிலும் விலங்கு வடிவிலும் வனையப்பட்டன. வேறு சில இடங்களில் கலத்தின் வடிவம் எளியதாக அமைய, அதன்மேல் குறிகள் மட்டும் கீறப்பட்டன. மெக்சிக்கோ நாட்டின் சாப்போடெக் மக்களுடைய உருவக் கலங்களும் நீலகிரிக் கல்வட்டங்களில் கிடைத்த உருவ மூடிகளும் முதல் வகையைச் சாரும். ஐதராபாத்தைச் சூழ்ந்துள்ள பெருங்கற்சின்னங்களின் கலங்கள் இரண்டாம் வகையைச் சாரும். இவற்றின் பொருளை அறியும் முயற்சியில் உருவத்தையும் குறியையும் மட்டும் கொண்டு முடிவுகாண்பது எத்தகைய பிழைக்கு இடந்தரும் என்பதையும், கலம் கிடந்த இடம் அப்பிழையை எவ்வாறு களைகிறது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

சாப்போடெக் கலங்கள் தரும் படிப்பினை

மெக்சிக்கோவின் தென்பகுதியில் உள்ள வஹாக்காப் பள்ளத்தாக்கில் கி.மு. 500 அளவில் மோன்தே அல்பான் என்னும் மலைநகர் தோன்றியது. அந்நகரிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் வாழ்ந்த சாப்போடெக் மக்கள் கி.பி. முதல் ஆயிரத்தாண்டில் உருவக் கலங்களைப் பெருமளவில் வனைந்தனர். சம்மணமிட்டு, முழந்தாள்மேல் கைவைத்து அமர்ந்த மனித உருவம் முன்புறம் விளங்கும். அதன் பின்புறத்தில் உருளை வடிவக் குவளை மறைந்திருக்கும். தலையில் பெரிய அணிமுடியும் காதில் வட்டக் குழைகளும் காணப்படும். சில உருவங்களின் மார்பிலோ முடியிலோ நாட்காட்டிப் பெயரைக் குறிக்கும் எழுத்துருக்கள் உள்ளன. பிளவுண்ட நாவுடைய முகமூடி அணிந்த உருவங்கள் இடிக்கும் மழைக்கும் உரிய கொசீஹோவைச் சார்ந்தவை எனக் கொள்ளப்படுகின்றன.

இக்கலங்களைத் தொடக்ககால அறிஞர் 'ஈமத்தாழி' என வழங்கினர். இறந்தோரின் சாம்பலையோ எலும்பையோ இடுவதற்கு இவை பயன்பட்டன எனவும் எண்ணினர். 1931 முதல் அல்போன்சோ காசோ நிகழ்த்திய அகழாய்வுகள் இக்கருத்தை மாற்றின. கலங்கள் கல்லறை வாயிலின் மேலுள்ள மாடத்திலும் முன்னறையிலும் தளத்திலும் நிறுத்தப்பட்டிருந்தன. அவற்றுள் சாம்பல் இல்லை; பல வெறுமையாகவே இருந்தன. ஆகவே அவை இறந்தோரை உள்ளடக்கும் தாழிகள் அல்ல, இறந்தோருக்குத் துணைநிற்கும் உருவங்கள் என்பது தெளிவாயிற்று. காசோவும் இக்னாசியோ பெர்னாலும் 1952இல் வெளியிட்ட நூல் இவ்வுருவங்களைத் தெய்வங்களாக வகைப்படுத்தியது. பின்னர் ஜாய்ஸ் மார்கஸ் இவற்றுட் பல தெய்வ முகமூடி தரித்த முன்னோர் உருவங்களே என வாதிட்டார். நாட்காட்டிப் பெயர் மாந்தர்க்கு உரியது என்பது அவர் காட்டும் சான்றுகளுள் ஒன்று.

மற்றொரு செய்தியும் இவண் நோக்கத்தக்கது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வஹாக்காவில் போலிக் கலங்கள் செய்யப்பட்டு அயல்நாட்டு அருங்காட்சியகங்களை அடைந்தன. வெப்ப ஒளிர்வுமுறைச் சோதனைகள் பின்னாளில் அவற்றுட் பலவற்றை இனங்காட்டின. உருவத்தைக் கொண்டு மட்டுமே கலத்தை மதிப்பிட்டமையால் போலியும் மெய்யும் ஒரே பேழைக்குள் இடம்பெற்றன. அகழ்ந்த இடம் அறியப்பட்ட கலத்துக்கு இவ்வையம் எழுவதில்லை.

நீலகிரி உருவ மூடிகள்

தமிழகத்தில் இதனோடு நெருங்கிய ஒப்புமை உடையவை நீலகிரிக் கலங்கள். மலைமுகடுகளில் கற்களை வட்டமாக அடுக்கி அமைத்த சின்னங்களுள் உயர்ந்த உருளை வடிவ மட்கலங்கள் கிடைத்தன. அவற்றின் மூடிகள்மேல் எருமை, யானை, குதிரை, மயில் முதலிய உருவங்களும் ஆடவர், மகளிர் உருவங்களும் குதிரை வீரர் உருவங்களும் வனையப்பட்டுள்ளன. 1847இல் காங்கிரீவ் இச்சின்னங்களைப் பற்றி எழுதினார். நீலகிரியின் முதல் ஆணையரான ஜே.டபிள்யூ. பிரீக்ஸ் பல சின்னங்களைத் திறந்து பொருள்களைத் திரட்டினார். அவர் 1872இல் மறைந்தபின், மறு ஆண்டில் அவருடைய நூல் வெளிவந்தது. திரட்டப்பட்டவை சென்னை அரசு அருங்காட்சியகத்தில் இடம்பெற்றன. நீலகிரிப் பொருள்களின் மற்றொரு தொகுதி இலண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளது.

எருமை உருவங்களைக் கண்டோர், எருமையைப் போற்றும் தோடரோடு இச்சின்னங்களை இணைத்தனர். ஆயின் மூடிகளில் குதிரை வீரரும் உள்ளனர். தோடரோ குதிரை வளர்த்தவரல்லர். மட்கலம் வனைவதும் அவர்தம் தொழிலன்று. ஓர் உருவத்தை எடுத்துக்கொண்டு மற்றோர் உருவத்தை விடுத்தால் விரும்பிய முடிவை அடையலாம் என்பதற்கு இவ்விவாதம் சான்றாகும். எந்த மூடி எந்தக் கலத்துக்கு உரியது, எருமையும் குதிரை வீரனும் ஒரே சின்னத்துள் இருந்தனவா, எலும்பு எக்கலத்தில் இருந்தது என்னும் வினாக்களுக்கு அக்காலத் திரட்டு முறை போதிய விடை தரவில்லை. உருவங்கள் எஞ்சின; உறவுகள் எஞ்சவில்லை.

ஆதிச்சநல்லூரில் 2004இல் இந்தியத் தொல்லியல் துறை சார்பில் தி. சத்தியமூர்த்தி தலைமையில் நிகழ்ந்த அகழாய்வு இதற்கு மாறான நிலையைக் காட்டுகிறது. அங்கு வெளிப்பட்ட தாழி ஓடு ஒன்றில் ஒட்டுவேலைப்பாடாக ஒரு காட்சி அமைந்துள்ளது. வாழையை ஒத்த மரத்தருகே பெண்ணொருத்தி நிற்கிறாள்; மீனைக் கவ்விய பறவையும் மானும் முதலையும் உடன் உள்ளன. இக்காட்சியின் பொருளைப் பற்றிக் கருத்து வேறுபாடு எழலாம். ஆயின் அது தாழிக்காட்டுக்கு உரியது என்பதில் ஐயமில்லை. ஆய்வு தொடங்குவதற்கு உரிய உறுதியான நிலை அதுவே.

ஐதராபாத்துச் சின்னங்களும் குறிகளும்

ஐதராபாத்து நகரும் அதன் சுற்றுப்புறமும் கருங்கற் பாறைகள் நிறைந்தவை. மௌலா அலி, ஹஷ்மத்பேட்டை முதலிய இடங்களில் கல்வட்டங்களும் கற்பதுக்கைகளும் கண்டறியப்பட்டன. தெலுங்கு மக்கள் இவற்றை அரக்கர் கோயில் என்னும் பொருள்பட 'ராகாசி குள்ளு' என வழங்குவர். தமிழகத்தில் இவை பாண்டவர் குழி எனப்படுவதோடு இது ஒப்பிடத்தக்கது. கட்டியோர் மறக்கப்பட்ட இடத்தில் கதை குடிபுகுந்ததை இரு பெயர்களும் உணர்த்துகின்றன.

நிஜாம் ஆட்சிப் பகுதியில் இத்துறை ஆய்வு முற்பட்டே தொடங்கியது. சோராப்பூரில் பணியாற்றிய மெடோஸ் டெய்லர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அப்பகுதிக் கல்வட்டங்களை அகழ்ந்தார். மண்ணடுக்குகளையும் எலும்பும் கலமும் கிடந்த நிலையையும் வெட்டுமுக வரைபடமாக அவர் பதிவு செய்தார். ஒரு நூற்றாண்டுக்குப் பின் மார்ட்டிமர் வீலர் அப்பதிவுகளைப் பாராட்டினார். நீலகிரித் திரட்டில் இல்லாத ஒன்று டெய்லரின் பதிவில் இருந்தமையே அதற்குக் காரணம்.

1914இல் நிஜாம் அரசின் தொல்லியல் துறை தோற்றுவிக்கப்பட்டது. அதன் தலைமைப் பொறுப்பேற்ற குலாம் யஸ்தானி, ஐதராபாத்துத் தொல்லியல் கழகத்தின் இதழில் 1917இல் தக்காணப் பெருங்கற்சின்னங்களின் புதுக்கூறு ஒன்றைப் பற்றி எழுதினார். கலங்களின்மேல் கீறப்பட்ட குறிகளே அப்புதுக்கூறு. 1924இல் ஈ.எச். ஹன்ட், ஐதராபாத்துக் கற்குவைப் புதைவுகளைப் பற்றிய தம் கட்டுரையை இலண்டனில் வெளியிட்டார். இவ்விருவர் முயற்சியால் ஐதராபாத்துக் கலங்கள் அறிஞருலகின் கவனத்துக்கு வந்தன.

இங்குக் கிடைத்த கறுப்பு-சிவப்புக் கலங்கள் வடிவால் எளியவை. நீலகிரி மூடிகளைப் போன்ற உருவச் செழிப்பு இவற்றில் இல்லை. எனினும் தெலுங்கு நாட்டில் உருவக் கலம் அறவே இல்லை எனல் பொருந்தாது. கடப்பை மாவட்டத்துச் சங்கவரத்தில் கிடைத்து, சென்னை அருங்காட்சியகத்தில் உள்ள விலங்கு வடிவ ஈமப்பேழை இதற்குச் சான்று. பல கால்களோடு அமைந்த அப்பேழை, பல்லாவரம், குன்றத்தூர் முதலிய இடங்களின் கால்களுடைய ஈமப்பேழைகளோடு உறவுடையது. கால்களுடைய பேழைக்குத் தலையும் சேர்ந்தபோது அது விலங்காயிற்று எனலாம். சாப்போடெக் கலத்தில் உருவம் முன்னே நிற்க, குவளை பின்னே மறைகிறது. சங்கவரப் பேழையில் உருவமே இறந்தோரைத் தாங்குகிறது. இரண்டும் உருவக் கலங்களே, பயன் வேறு.

குறிகளைப் பொறுத்தவரை ஆய்வு பெரிதும் எழுத்தின் தோற்றத்தையே நோக்கிச் சென்றது. பி.பி. லால் 1960ஆம் ஆண்டு 'ஏன்சியன்ட் இந்தியா' இதழில் பெருங்கற்காலக் குறிகளைச் சிந்துவெளி, செம்புக்காலக் குறிகளோடு ஒப்பிட்டு, அவற்றுள் 89 விழுக்காடு அக்காலங்கள்வரை செல்வதாகக் காட்டினார். தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2025 சனவரியில் வெளியிட்ட கா. ராசன், இரா. சிவானந்தன் ஆகியோரின் ஆய்வும் இவ்வொப்பீட்டை விரிந்த தரவுகளோடு தொடர்ந்தது. வடிவ ஒப்புமை பயனுடையதே. ஆயினும் கோடு, வட்டம், ஏணி, அம்பு போன்ற எளிய வடிவங்கள் தொடர்பின்றியும் பல இடங்களில் தோன்றக்கூடியவை.

குறி எப்போது, எதற்காகக் கீறப்பட்டது என்னும் வினா வடிவ ஒப்பீட்டால் விடுபடுவதன்று. குறிகளிற் பெரும்பாலானவை கலம் சுடப்பட்டபின் கீறப்பட்டவை. எனவே அவை வனைந்தவரைக் காட்டிலும் பயன்படுத்தியவரையோ புதைத்தவரையோ சுட்டும் வாய்ப்பு மிகுதி. தமிழகத்தின் சில ஈமச்சின்னங்களில் ஒரே குழியின் பல கலங்களில் ஒரே குறி மீள வந்துள்ளது. இதனைக் குலத்தின் அல்லது குடியின் அடையாளமாகக் கொள்வோர் உளர். ஐதராபாத்துக் குறிகளுக்கும் இவ்வினாவை எழுப்ப வேண்டும் எனில், எக்கலம் எக்குழியில் எக்கலத்தோடு கிடந்தது என்னும் பதிவு இன்றியமையாதது.

இலக்கியச் சான்று

சங்க இலக்கியம் இவ்விடத்தில் துணைபுரிகிறது. புறநானூற்றின் 228, 256ஆம் பாடல்கள் தாழி வனையும் வேட்கோவை விளித்துப் பாடப்பட்டவை. முதற்பாடல் கிள்ளிவளவனுக்கு ஏற்ற தாழியை வனைதல் இயலுமோ என வினவுகிறது. மற்றது கணவனை இழந்த பெண், தனக்கும் இடமிருக்குமாறு தாழியை அகலமாக வனைய வேண்டுவதாக அமைகிறது. இரண்டிலும் தாழியின் வேலைப்பாடு பேசப்படவில்லை; அதன் அளவே பேசப்படுகிறது. யாருக்காக, யாரோடு என்பதே கலத்தின் பொருளாகிறது. மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டக் காதையோ இறந்தோரைச் சேர்க்கும் ஐவகை முறைகளைத் தொகுத்துரைக்கிறது. ஒரே நிலத்தில் பல முறைகள் அருகருகே நிலவின என்பதற்கு அது சான்று. ஆதலின் ஒரு குறிக்கோ உருவத்துக்கோ எல்லா இடத்தும் ஒரே பொருள் கூறுதல் பொருந்தாது.

முடிவுரை

மோன்தே அல்பானில் கலத்தின் பெயர் தவறாக இடப்பட்டது. அது நின்ற இடம் பெயரைத் திருத்தியது. நீலகிரியில் இடம் போதுமான அளவில் பதியப்படாமையால் உருவங்கள் விவாதப் பொருளாகவே நிற்கின்றன. ஐதராபாத்தின் நிலை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. ஐதராபாத்துப் பல்கலைக்கழக வளாகத்தில் கே.பி. ராவ் நிகழ்த்திய அகழாய்வு, நகர எல்லைக்குள்ளும் இன்னும் அறியத்தக்கவை மண்ணுள் உள்ளமையை மெய்ப்பித்தது. அதே வேளையில் குடியிருப்பும் சாலையும் கல்லுடைப்பும் பெருகியமையால் மௌலா அலி, ஹஷ்மத்பேட்டைப் பகுதிகளின் கல்வட்டங்கள் பெரிதும் அழிந்துவிட்டன.

கல்வட்டம் ஒன்று அகற்றப்படும்போது அதனுள்ளிருந்த கலம் காக்கப்பட்டாலும் ஆய்வுக்கு உரிய செய்தியின் பெரும்பகுதி மறைகிறது. குறி தாங்கிய ஓடு அருங்காட்சியகத்தில் எஞ்சும். அது யாருடைய தலைமாட்டில் வைக்கப்பட்டது என்பது எஞ்சாது. எனவே எஞ்சியுள்ள சின்னங்களை அளந்து, வரைந்து, பதிவு செய்தல் குறிகளின் பட்டியலை விரிப்பதினும் முதன்மையான பணியாகும். டெய்லர் வரைந்த வெட்டுமுகப் படங்கள் அதற்குரிய வழியை முன்னரே காட்டியுள்ளன.